செனகலுக்குப் புறப்படும் தம்பி தங்கைகளுக்கு

(மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் நாட்டின் பள்ளிக்கூடங்களிலும் சுகாதார நிலையங்களிலும் மூன்று மாத காலம் தொண்டாற்றச் செல்லும் இளைஞர்களுக்கான வழியனுப்புக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம். அந்நாட்டோடு வணிகம் செய்ய விரும்பும் வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)

அன்பிற்குரிய தம்பி தங்கைகளே! உங்களை வழியனுப்ப வந்திருக்கும் பெற்றோர்களே! வணிகப் பெருமக்களே! அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் போகிற நாட்டில், உங்கள் பெட்டியில் இருக்கும் மருந்துக்கும் புத்தகத்துக்கும் முன்னால் எடைபோடப்படுவது இந்த ஸலாம்தான். அவசரமில்லாமல், முகம் பார்த்து, பதிலுக்குக் காத்திருந்து ஸலாம் சொல்லத் தெரிந்தவருக்கு அங்கே கதவு திறக்கும். தெரியாதவர் எவ்வளவு பெரிய உதவியோடு போனாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். இன்று நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரே செய்தியின் விரிவுரை. செனகலைக் காப்பாற்ற நாம் போகவில்லை. தங்கள் காரியங்களைத் தாங்களே செய்துகொண்டிருக்கும் மக்களுக்கு மூன்று மாதம் தோள் கொடுக்கப் போகிறோம். யாருக்குத் தோள் கொடுக்கிறோமோ அவர்களை முதலில் அறிந்துகொள்ள வேண்டாமா?

எங்கே இருக்கிறது?

ஆப்பிரிக்கா அட்லாண்டிக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் இருக்கிறது செனகல். அந்த மூக்கின் நுனிதான் தலைநகர் தக்கார். வடக்கே மொரிட்டானியா, கிழக்கே மாலி, தெற்கே கினியாவும் கினி-பிஸாவும். நாட்டின் வயிற்றுக்குள் ஒரு விரலைப் போல நுழைந்திருக்கிறது காம்பியா என்ற குட்டி நாடு. பரப்பளவு சுமார் 1,96,700 சதுர கிலோமீட்டர்; தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்கு. மக்கள் தொகையோ 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 1 கோடியே 80 லட்சம்தான். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இருபது வயதுக்கு உட்பட்டவர்கள். இளைஞர்களின் நாடு அது!

ஆட்சிமொழி பிரெஞ்சு. ஆனால் சந்தையிலும் பேருந்திலும் வீட்டிலும் ஒலிப்பது வொலோஃப் மொழி. புலார், செரேர், ஜோலா, மண்டிங்கா, சோனின்கே என்று வேறு மொழிகளும் உண்டு. பிரெஞ்சு மட்டும் தெரிந்தவரை அலுவலகத்தில் மதிப்பார்கள். பத்து வார்த்தை வொலோஃப் தெரிந்தவரை வீட்டுக்கு அழைப்பார்கள். எந்த வரவேற்பு வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நமக்கும் அவர்களுக்கும்

எங்கோ இருக்கும் நாடு, நமக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். வணிகர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரி வட்டாரத்தில் நெய்து, அவுரிச் சாயத்தில் தோய்த்த கருநீலத் துணி கப்பலேறிப் பிரான்ஸ் வழியாகச் செனகல் ஆற்றங்கரைக்குப் போயிற்று. ‘கினே’ என்பது அதன் பெயர். ஆற்றின் வடகரையில் வாழ்ந்த மூர் இன வணிகர்கள் வேலம் பிசினை விற்று, விலையாக இந்தத் துணியையே கேட்டு வாங்கினார்கள். அங்கே துணியே நாணயம்! ஐரோப்பிய ஆலைகள் அதே போலச் செய்து அனுப்பிய துணியைத் தொட்டுப் பார்த்தே வேறு என்று ஒதுக்கினார்கள். நம் நெசவாளியின் கை அவர்களுக்கு அந்த அளவுக்குப் பழக்கமாகியிருந்தது. அந்தப் பிசின்தான் ஐரோப்பாவின் துணி அச்சு ஆலைகளுக்குப் போனது. லாபம் யாருக்குப் போனது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்றும் தொடர்பு அறுந்துவிடவில்லை. செனகல் மக்களின் அன்றாட உணவு குருணை அரிசி. அதில் பெரும்பகுதி இறக்குமதி; இந்தியாவிலிருந்தும் ஏராளமாகப் போகிறது. 2022 செப்டம்பரில் இந்திய அரசு குருணை ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, செனகல் போன்ற நாடுகளுக்கு மட்டும் பின்னர் தனி அனுமதி கொடுக்கவேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் தடை நீங்கியது. டில்லியில் ஒரு கையெழுத்து மாறினால் தக்காரில் ஒரு தாயின் அடுப்பு பாதிக்கப்படுகிறது என்றால், தூரம் என்பது என்ன? அங்கிருந்து இங்கே வருவது உரத்துக்கான பாஸ்பாரிக் அமிலமும், தெற்கே காசமான்ஸ் பகுதியின் முந்திரிக் கொட்டையும். தக்காரின் தெருக்களில் ஓடும் சிறிய பேருந்துகளில் பல டாட்டா வண்டிகள். அந்தப் பேருந்துக்கே அவர்கள் ‘டாட்டா’ என்றுதான் பெயர் சொல்வார்கள்.

இன்னொன்றைக் கேட்டால் மகிழ்வீர்கள். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்களே, அரபுத் தமிழ்! அதே போல அவர்கள் வொலோஃப் மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். அதற்கு ‘வொலோஃபல்’ என்று பெயர். மூஸா கா என்ற பெரும் புலவர் அந்த எழுத்தில்தான் பாடினார். பிரெஞ்சுப் பள்ளியின் கணக்கில் ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்று பதிவான பலசரக்குக் கடைக்காரர், தம் கடன் கணக்கை வொலோஃபலில் எழுதி வைத்திருப்பார். ஆகவே ஒருவரை எழுத்தறிவற்றவர் என்று முடிவுகட்டுமுன், எந்த எழுத்தில் என்று கேளுங்கள்.

தமிழறிஞர் க.ப. அறவாணன் தக்கார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றித் தமிழர்களையும் ஆப்பிரிக்கரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். முதல் குடியரசுத் தலைவரான செங்கோருக்கு இந்த ஆய்வில் தனி ஆர்வம் இருந்தது. அந்த மொழி உறவை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆனால் நம்மைத் தேடிய ஆர்வம் அங்கே இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பட்ட காயங்கள்

தக்கார் துறைமுகத்திலிருந்து படகில் சிறிது நேரம் போனால் கோரே தீவு. ஆப்பிரிக்கர்களை விலங்கிட்டு அமெரிக்கக் கண்டத்துக்கு ஏற்றி அனுப்பிய துறைகளில் ஒன்று. 1978இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அங்குள்ள ‘அடிமைகள் மாளிகை’யில் கடலை நோக்கி ஒரு வாசல் இருக்கிறது. அந்த ஒரு வாசல் வழியாக எத்தனை பேர் போனார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் வாதாடுகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து லட்சக்கணக்கானோர் போனதில் வாதமே இல்லை. அங்கே போனால் சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள்: தியாரோய். இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டு, ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மீண்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் தக்காருக்கு அருகிலுள்ள தியாரோய் முகாமில் தங்களுக்குச் சேரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1 அன்று அவர்களுக்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு! இறந்தவர் 35 பேர் என்றது அன்றைய அரசு. எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்று ஆய்வாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். அது ஒரு படுகொலை என்று பிரான்சின் அதிபர் ஒப்புக்கொண்டது 2024 நவம்பரில். எண்பது ஆண்டுகள் கழித்து. 2025 ஜூலையில் கடைசிப் பிரெஞ்சுப் படைத்தளமும் செனகலிடம் ஒப்படைக்கப்பட்டது. உதவி செய்ய வந்தேன் என்று சொல்லும் அந்நியரைச் செனகல் இளைஞர் ஒரு கணம் உற்றுப் பார்ப்பார் என்றால், காரணம் இதுதான்.

வாக்குச்சீட்டின் நாடு

ஆப்பிரிக்கா என்றதும் ராணுவப் புரட்சிதான் பலருக்கு நினைவு வரும். செனகலோ 1960இல் விடுதலை பெற்றதிலிருந்து ஒருமுறைகூட ராணுவத்திடம் ஆட்சியைப் பறிகொடுத்ததில்லை. செங்கோர் 20 ஆண்டுகள் ஆண்டு, 1980 டிசம்பர் 31 அன்று தாமாகவே பதவி விலகினார். 2000இலும் 2012இலும் பதவியிலிருந்த தலைவர்களைத் தேர்தலில் தோற்கடித்து மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2012 தேர்தலில், ‘போதும், சலித்துவிட்டோம்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டிக்கொண்ட இளைஞர் இயக்கம் வீடு வீடாகச் சென்று வாக்காளர்களைப் பதிவு செய்ய வைத்தது.

2021 முதல் 2024 வரை கடும் போராட்டங்கள் நடந்தன. பல உயிர்கள் பலியாயின. 2024 பிப்ரவரியில் நடக்கவேண்டிய தேர்தல் தள்ளிவைக்கப்பட்டபோது அரசியல் சாசன மன்றம் அது செல்லாது என்றது. மார்ச் 24 அன்று தேர்தல் நடந்தது. பத்து நாட்களுக்கு முன்புதான் சிறையிலிருந்து வெளிவந்த பஸ்ஸிரு தியோமாய் ஃபாய், 44 வயதில், முதல் சுற்றிலேயே வென்று குடியரசுத் தலைவரானார். நாம் அரசியல் பாடம் நடத்தப் போகிற இடம் இதுவன்று. கற்றுக்கொள்ள வேண்டிய இடம்.

நூற்றுக்கு 95க்கும் மேற்பட்டோர் முஸ்லிம்களாக உள்ள நாடு அது. முதல் இருபது ஆண்டுகள் அதை ஆண்ட செங்கோரோ கத்தோலிக்கக் கிறிஸ்தவர்! பெரிய ஷைகுமார்களின் ஆதரவோடுதான் ஆண்டார். ஃபாதியூத் என்ற சிப்பித் தீவில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒரே இடுகாட்டில் அடக்கமாகியிருக்கிறார்கள். ஒரு குடும்பத்திலேயே இரு மதத்தாரும் இருப்பதுண்டு. சிறுபான்மையாக வாழும் நமக்கு, பெரும்பான்மையாக வாழும் முஸ்லிம்கள் சிறுபான்மையை எப்படி நடத்துகிறார்கள் என்பது பாடமல்லவா?

ஷைகுமார்களும் வணிகமும்

செனகலில் ஒருவரிடம் பெயரைக் கேட்ட பிறகு அடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியது அவருடைய தரீக்கா. திஜானிய்யா, முரீதிய்யா இரண்டும் பெரியவை. காதிரிய்யாவும், யோஃப் கடற்கரையில் தோன்றிய லாயேன் வழியும் உண்டு. திஜானியர்களின் பெரு நகர் திவாவோன். அங்கே வாழ்ந்தவர் அல்ஹாஜ் மாலிக் ஸை. காவ்லாக் நகரின் ஷைகு இப்ராஹீம் நியாஸின் செல்வாக்கு நைஜீரியா வரை பரவியது.

முரீதுகளின் தலைவர் ஷைகு அஹ்மது பம்பா. இவருக்குப் பெருகிய கூட்டத்தைக் கண்டு அஞ்சிய பிரெஞ்சு அரசு 1895இல் இவரைக் காபூன் நாட்டுக்கு நாடுகடத்தியது. 1902இல் திரும்பினார். மறு ஆண்டே மொரிட்டானியாவுக்கு அனுப்பப்பட்டார். ஆயுதம் எடுக்காமலேயே நின்று வென்றவர். 1927இல் மறைந்தார். அவர் உருவாக்கிய தூபா நகரத்தின் பெரிய பள்ளிவாசல் 1963இல் திறக்கப்பட்டது. ஸஃபர் மாதம் 18ஆம் நாள், அவர் நாடுகடத்தப்பட்ட நாளை நினைவுகூர்ந்து லட்சோபலட்சம் மக்கள் அங்கே கூடுகிறார்கள். அதற்கு ‘மகால்’ என்று பெயர். வீடுகள் எல்லாம் விருந்தினருக்குத் திறந்துவிடப்படும். தூபா எல்லைக்குள் மதுவுக்கும் புகைக்கும் இடமில்லை. சிகரெட் பழக்கம் உள்ள தம்பிகள் கவனிக்க!

உழைப்பையும் வணக்கமாகக் கருதச் சொன்னவர் பம்பா. முரீதுகள் முதலில் நிலக்கடலை விவசாயிகள். 1970களின் வறட்சியில் நிலம் பொய்த்தபோது நகரத்துக்கு வந்து தெருவில் கடை விரித்தார்கள். பிறகு பாரிஸ், இத்தாலி, நியூயார்க் என்று பரவினார்கள். முன்பின் தெரியாத ஊரில் இறங்கும் இளைஞனுக்குத் தங்க அறை, விற்கச் சரக்கு, சாப்பாடு எல்லாம் தரீக்காச் சகோதரர்கள் கொடுப்பார்கள். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, வாக்குத்தான் பிணை. சம்பாதித்தவன் அடுத்து வருபவனுக்கு அதையே செய்வான். பெண்கள் சேர்ந்து மாதச் சீட்டு நடத்துவார்கள். அதற்கு அங்கே ‘தொந்தீன்’ என்று பெயர். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடை வைக்கப் போன நம் தாத்தாமார் கதையைக் கேட்பது போல் இல்லையா? இன்று நம் சமுதாய வணிகரிடம் அந்தக் கைதூக்கிவிடும் பழக்கம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு கண்டிப்பான வேண்டுகோள். அவர்கள் மாலிகி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். தொழுகையில் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டு நிற்பார்கள். ஜியாரத்துகளுக்குப் போவார்கள். ஷைகின் படம் கடையிலும் வண்டியிலும் ஒட்டியிருக்கும். நம்மில் சிலருக்கு இது உவப்பாக இருக்கும், சிலருக்கு நெருடும். நம் ஊரில் இருபது முப்பது ஆண்டுகளாக நடக்கும் வழக்கை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்! நீங்கள் தடுப்பூசி முகாமுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உதவப் போகிறீர்கள். அவர்களுடைய தீனைத் திருத்துவதற்கு உங்களை யாரும் அழைக்கவில்லை. இதில் வாய்விட்டால், உங்களோடு சேர்த்து முகாமையும் ஊர் புறக்கணிக்கும். அதனால் ஊசி தவறிப்போகும் குழந்தைக்கு யார் பதில் சொல்வது?

ஸலாம், சாப்பாடு, தேநீர்

ஸலாம் சொன்ன பிறகு ‘நங்கா தெஃப்?’ என்பார்கள், எப்படி இருக்கிறாய் என்று பொருள். ‘மங்கி ஃபி ரெக்’ என்று சொல்லுங்கள். ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று அர்த்தம். பிறகு வீட்டாரை விசாரிப்பார்கள், வேலையை விசாரிப்பார்கள், வெயிலை விசாரிப்பார்கள். ‘ஜாம் ரெக்’, அதாவது ‘அமைதிதான்’ என்று பதில் சொல்லிக்கொண்டே வரவேண்டும். ‘அல்ஹம்துலில்லாஹ்’ எங்கும் பொருந்தும். நன்றிக்கு ‘ஜெரெஜெஃப்’. குடும்பப் பெயரைச் சொல்லி அழைப்பது மரியாதை. கேள்விகள் முடியுமுன் காரியத்துக்குத் தாவுவது அநாகரிகம்.

சில குடும்பப் பெயர்களுக்கு இடையே கேலி உறவு உண்டு. ஜோப் குடும்பத்தாரும் என்ஜாய் குடும்பத்தாரும் ஒருவரை ஒருவர் ‘சோற்றுப் பண்டாரம்’ என்ற பொருளில் சீண்டிக்கொள்வார்கள். நம் மாமன் மச்சான் கேலிதான் அது. உங்களுக்கும் ஒரு செனகல் பெயர் வைத்து இந்த விளையாட்டில் சேர்த்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். பல இனங்கள் சண்டையின்றி வாழ்வதற்கு இந்தச் சிரிப்பும் ஒரு காரணம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

சாப்பாடு ஒரே பெரிய தட்டில். காயல்பட்டினத்துக்காரர்களுக்குச் சஹன் சாப்பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை! வலது கையால் அல்லது கரண்டியால், உங்களுக்கு நேரே உள்ள பகுதியை மட்டும் சாப்பிடுங்கள். நடுவில் இருக்கும் மீனையும் காய்கறியையும் வீட்டம்மா பிய்த்து உங்கள் பக்கம் தள்ளுவார். குருணைச் சோறும் மீனும் சேர்ந்த ‘செபு ஜென்’ அவர்களின் தேசிய உணவு. 2021இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது. பிறகு ‘அத்தாயா’ என்னும் தேநீர் மூன்று சுற்று வரும். முதல் சுற்று கசப்பு. போகப் போக இனிப்பு. ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஒன்றரை மணி நேரத்தை வீண் என்று நினைக்கிறவர், ஊரின் எந்தச் செய்தியையும் அறியாமலே திரும்புவார்.

இந்த விருந்தோம்பலுக்கு ‘தெராங்கா’ என்று பெயர். ஏழை வீட்டிலும் தெராங்கா உண்டு. ஆகவே வெறுங்கையோடு போகாதீர்கள். சர்க்கரை, தேயிலை, பழம் என்று ஏதாவது வாங்கிப் போங்கள். நோன்புப் பெருநாளுக்குக் ‘கொரித்தே’ என்றும் ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் ‘தபஸ்கி’ என்றும் பெயர். தபஸ்கி ஆட்டுக்குக் கடன்படாத குடும்பம் குறைவு. அந்த வாரத்தில் கூட்டம், பயிற்சி என்று எதையும் வைக்காதீர்கள்.

கை நீட்டும் சிறுவர்கள்

இப்போது மனத்தை வருத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தக்காரில் இறங்கிய முதல் நாளே, கையில் தகர டப்பாவோ பிளாஸ்டிக் கிண்ணமோ ஏந்திய சிறுவர்கள் உங்களைச் சூழ்வார்கள். வெறுங்காலும் கிழிந்த சட்டையுமாக இருப்பார்கள். ‘தாலிபே’ என்று பெயர். மாணவர் என்ற பொருள். ‘தாரா’ எனப்படும் குர்ஆன் பள்ளிகளின் பிள்ளைகள்.

முன்பு கிராமத்தில் பிள்ளைகள் உஸ்தாதின் வயலில் உழைப்பார்கள். பணிவு கற்கவென்று வீடுகளில் உணவு கேட்டு வருவார்கள். ஊரே அவர்களுக்குத் தாய் தந்தையாக இருந்தது. வறட்சியில் கிராமம் உடைந்து தாராக்கள் நகரத்துக்கு வந்தபோது நிலைமை தலைகீழானது. தினம் இவ்வளவு காசு கொண்டுவர வேண்டும், வராவிட்டால் அடி என்று பிள்ளைகளைப் பிழிகிறவர்கள் முளைத்தார்கள். இப்படிக் கட்டாயப் பிச்சைக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று மனித உரிமை அமைப்புகள் மதிப்பிடுகின்றன. 2005இல் இதற்கு எதிராகச் சட்டம் வந்தது. 2013 மார்ச்சில் தக்காரின் மெதினா பகுதியில், தாராவாக இயங்கிய ஒரு வீட்டில் தீப்பிடித்துப் பிள்ளைகள் கருகி இறந்தபோது நாடே அழுதது. 2016இல் தெருவிலிருந்து பிள்ளைகளை மீட்கும் திட்டம் தொடங்கியது. ஆனாலும் தீரவில்லை.

எல்லாத் தாராவும் இப்படி இல்லை. பிள்ளைகளைக் கண்ணாகக் காக்கும் உஸ்தாதுகள் ஏராளம். ஆகவே குர்ஆன் பள்ளியையே பழிக்கிறவர் பேச்சும் தவறு. குர்ஆன் பெயரைச் சொல்லி நடப்பதால் வாயை மூடிக்கொள்வதும் தவறு. குழந்தையை அடித்துக் காசு பிடுங்குவது அக்கிரமம்; அதற்கு எந்தப் பெயர்ப்பலகையும் மறைப்பாகாது.

நீங்கள் என்ன செய்வது? காசு கொடுக்காதீர்கள். அந்தக் காசு பிள்ளையின் வயிற்றுக்குப் போகாது. நாளை இன்னொரு பிள்ளையைத் தெருவுக்கு இழுத்து வரும். ரொட்டியோ பழமோ கொடுத்து, உங்கள் முன்பே சாப்பிடச் சொல்லுங்கள். படம் எடுக்காதீர்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் ‘ந்தேய் தாரா’, அதாவது ‘தாராவின் தாய்’ என்ற முறையில் பிள்ளைகளைத் தத்தெடுத்தது போல உணவு கொடுத்து, துணி துவைத்து, புண்ணுக்கு மருந்திட்டு வருகிறார்கள். அந்தத் தாய்மாரைத் தேடிப் பிடியுங்கள். சோப்பும் மருந்தும் கொசுவலையும் அவர்கள் கையில் போய்ச் சேரட்டும். மூன்று மாதத்தில் நீங்கள் போய்விடுவீர்கள்; அவர்கள் இருப்பார்கள்.

மாற்றம் எங்கிருந்து வருகிறது?

ஒரு சான்று சொல்கிறேன். பெண் குழந்தைகளின் உறுப்பைச் சிதைக்கும் கொடிய வழக்கம் செனகலின் சில இனங்களில் இருந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் எவ்வளவோ கண்டித்தும் அசையவில்லை. தொஸ்தான் என்ற அமைப்பு வொலோஃப், பம்பரா போன்ற சொந்த மொழிகளிலேயே பெண்களுக்கு உடல்நலமும் உரிமையும் கற்பித்தது. 1997 ஜூலை 31 அன்று மாலிகுண்டா பம்பரா என்ற கிராமத்துப் பெண்கள், இனி எங்கள் ஊரில் இது இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். பக்கத்து ஊர்கள் கொதித்தன.

அப்போது தெம்பா தியாவரா என்ற முதிய இமாம் ஒரு உண்மையைச் சுட்டிக்காட்டினார். ஓர் ஊர் மட்டும் விட்டால், அந்த ஊர்ப் பெண்ணை அடுத்த ஊரில் யார் கட்டுவார்கள்? பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் எல்லா ஊர்களும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். அவரே ஊர் ஊராக நடந்தார். சொந்தக்காரர்களோடு உட்கார்ந்து பேசினார். மறு ஆண்டு பல ஊர்கள் சேர்ந்து கைவிட்டன. பிறகு ஆயிரக்கணக்கான ஊர்கள்! 1999இல் சட்டமும் வந்தது. வழக்கம் முழுதும் ஒழியவில்லை என்றாலும், கண்டித்தவர்கள் சாதிக்காததைச் சம்பந்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் சாதித்தார்.

1990 வாக்கில் தக்கார் இளைஞர்கள் ‘செத் செத்தால்’ என்ற பெயரில், யாரும் சொல்லாமலே தெருக்களைக் கூட்டி, சாக்கடை அள்ளி, சுவர்களில் ஓவியம் தீட்டினார்கள். கால்பந்து வீரர் சாதியோ மானே தான் பிறந்த பம்பாலி கிராமத்துக்குப் பள்ளியும் மருத்துவமனையும் கட்டிக் கொடுத்தார். அங்கே ஆளில்லை என்று எண்ணாதீர்கள். கொத்தனார் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தால் ஓர் உள்ளூர்க் கொத்தனாரின் கூலி போகும். சாமான் அங்கேயே வாங்குங்கள். கூலி அங்கேயே கொடுங்கள். அவர்கள் கேட்கும் வேலையை மட்டும் செய்யுங்கள்.

இன்னொரு வேதனை, கடல். வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள் மீனை அள்ளிப் போக, கரையில் மீனவர் வலை வெறுமையாக வருகிறது. வேலையற்ற இளைஞர்கள் மீன்பிடிப் படகில் ஸ்பெயினின் கனேரித் தீவுகளுக்குப் புறப்படுகிறார்கள். அவர்கள் சொல்லும் வாசகம்: ‘பார்சா, இல்லையென்றால் பர்ஸக்!’ பார்சிலோனா, கிடைக்காவிட்டால் கப்ருக்குப் பின்னான பர்ஸக்! 2024இல் மட்டும் பல நாட்டவராக 46,000க்கும் மேற்பட்டோர் அந்தத் தீவுகளில் கரையேறினார்கள். கரையேறாதவர்களை எண்ண ஆளில்லை. உங்களோடு தேநீர் அருந்தும் நண்பன் ‘நீ எப்படி விசா வாங்கினாய்?’ என்று கேட்பான். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று புரிந்து பேசுங்கள். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றிப் பெருமை அடிக்காதீர்கள்.

கைக்கொள்ள வேண்டியவை

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகப் போட்டுக்கொண்டு அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். சென்னைக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். இந்த அட்டை இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். மழைக்காலம் ஜூலை முதல் அக்டோபர் வரை. மலேரியா அப்போதுதான் உச்சம். தடுப்பு மாத்திரையை மருத்துவர் சொன்னபடி, திரும்பிய பிறகும் முடிக்கும் வரை சாப்பிடுங்கள். ஊர் வந்த பின் காய்ச்சல் வந்தால், செனகல் போய் வந்தேன் என்று முதலில் சொல்லுங்கள்.

காசமான்ஸ் பகுதியில் 1982இல் தொடங்கிய பிரிவினைப் போர் தணிந்து சமாதான ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியுள்ளன. ஆனால் புதைத்த கண்ணிவெடிகள் எல்லாம் எடுக்கப்படவில்லை. நடந்து பழகிய பாதையை விட்டு விலகாதீர்கள். அதிகச் சுமை ஏற்றிய படகிலோ வண்டியிலோ ஏறாதீர்கள். 2002 செப்டம்பர் 26 அன்று ‘ஜோலா’ என்ற கப்பல், கொள்ளளவைப் போல மூன்று மடங்கு ஆட்களோடு கவிழ்ந்து 1,800க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

நாணயம் சீஃபா பிராங்க். ஒரு யூரோவுக்கு 655.957 என்று நிலையாகக் கட்டப்பட்டது. 1994 ஜனவரியில் அதன் மதிப்பை ஒரே இரவில் பாதியாக்கினார்கள். அரிசி விலை ஏறி ஏழைகள் பட்ட பாட்டை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். கைப்பேசி வழியாகப் பணம் அனுப்புவது அங்கே சர்வ சாதாரணம். வணிகப் பெருமக்களுக்கு ஒன்று: அங்கே பேரம் முதல் நாளில் முடியாது. முதல் நாள் ஸலாம், இரண்டாம் நாள் தேநீர், மூன்றாம் நாள்தான் விலை. அவசரப்படுகிறவர் அதிக விலை கொடுப்பார்.

தம்பி தங்கைகளே! திரும்பி வந்ததும் எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். நான் வேறு கேட்பேன். எத்தனை வீட்டாரின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறது? நீங்கள் தொடங்கிய வேலையை இப்போது யார் செய்துகொண்டிருக்கிறார்? அந்த ஊர்க்காரர் ஒருவரின் பெயரை நீங்கள் பதிலாகச் சொன்னால் போதும். போன காரியம் நிறைவேறியது என்று கொள்வேன்.

போய் வாருங்கள். உங்கள் பெற்றோருடன் சேர்ந்து நாங்களும் துஆச் செய்கிறோம். வஸ்ஸலாம்.